வீட்டில் சில்லி: குக்கரா, கல்சட்டியா, இரும்புச் சட்டியா?

டிசம்பர் பிறந்தால் சேலத்தில் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காவது அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். முதல் வாரம் இட்லி, குடல் குழம்பு, தட்டுவடை செட் என்று ஆசை தீரச் சாப்பிடுவார்கள். இரண்டாவது வாரம் பேரப்பிள்ளைகள் "சில்லி வேணும்" என்று கேட்பார்கள். பாட்டி உடனே சில்லி சிக்கன் பொரித்துக் கொண்டுவந்து வைப்பார். பிள்ளையின் முகம் வாடிவிடும். அது கேட்டது கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடுகிற, கெட்டியான, செங்கறுப்பான கறிக் கூழ்.

இந்த ஆண்டு மட்டும் ஐந்து பேர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். செய்முறை எல்லோரிடமும் இருக்கிறது. எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்பதில்தான் குழப்பம். ஒருவர் குக்கரில் வைத்தார், அடி தீய்ந்தது. இன்னொருவர் இரும்புச் சட்டியில் வைத்தார், துரு வாடை அடித்தது. நான் கல்சட்டியில் வைத்துப் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன். சில்லியில் பீன்ஸ் (அதாவது ராஜ்மாப் பயறு) உண்டா, தக்காளி உண்டா என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துகொண்டால் பாத்திரம் தானாக முடிவாகிவிடும் என்பது எனக்குப் பல சட்டி வைத்த பிறகே பிடிபட்டது.

எந்தச் சில்லியைப் பேசுகிறோம்

முழுப்பெயர் சில்லி கான் கார்னே. ஸ்பானிய மொழியில் "கறியோடு மிளகாய்" என்று பொருள். மிளகாய்தான் முதலாளி, கறி அதற்குத் துணை. டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்துச் சதுக்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெக்சிகோ வழிவந்த பெண்கள் பொழுது சாய்ந்ததும் அடுப்பு மூட்டி, விளக்கு வைத்து இதை விற்றார்கள். சில்லி ராணிகள் என்று அவர்களுக்குப் பெயர். 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லிக்கென்றே ஒரு கடை இருந்தது. 1977இல் டெக்சாஸ் சட்டமன்றம் இதைத் தன் மாநில உணவாக அறிவித்தது.

டெக்சாஸ்காரர்கள் சில்லியில் பீன்ஸ் போடுவதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டெர்லிங்குவா என்ற ஊரில் 1967இல் தொடங்கிய சில்லிப் போட்டிகளின் மரபில் பீன்ஸ் போட்ட சட்டிக்கு இடமில்லை. பழைய மரபுக்காரர்கள் தக்காளியையும் சேர்ப்பதில்லை. மற்ற மாநிலங்களில் பீன்ஸ், தக்காளி, கொத்துக்கறி மூன்றும் சேர்ந்ததுதான் சில்லி. அங்கே பள்ளிக்குப் போகிற நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாவது வகையைத்தான் சாப்பிட்டு வளர்கிறார்கள். கேட்கிற பிள்ளை எதைக் கேட்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே கணக்கு

ஒப்பிடுவதற்காக ஒரே அளவை வைத்துக்கொள்கிறேன். எட்டுப் பேருக்கு: ஆட்டுத் தொடைக்கறி 1 கிலோ, சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சிறு துண்டாக வெட்டியது. மாட்டுக்கறி சாப்பிடும் வீடுகளில் அதுவே அசல், தோள்பட்டைக் கறியாகக் கேட்டு வாங்குங்கள். ராஜ்மா 200 கிராம், இரவே ஊறவைத்தது. பெரிய வெங்காயம் 2, பூண்டு 10 பல், தக்காளி 3, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு மேசைக்கரண்டி, திக்கான காபி டிகாக்ஷன் அரை டம்ளர், வெல்லம் சுண்டைக்காய் அளவு, மக்காச்சோள மாவு 2 மேசைக்கரண்டி.

மிளகாயைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பாதிச் சட்டிகள் கெடுவது இங்கேதான். அமெரிக்கக் குறிப்பில் "சில்லி பவுடர் 4 மேசைக்கரண்டி" என்று இருக்கும். அது நம் மிளகாய்த்தூள் அல்ல. மிளகாயோடு சீரகம், ஒரிகானோ, பூண்டுப் பொடி எல்லாம் கலந்த மசாலா அது. டெக்சாஸில் குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890களில் அதை விற்கத் தொடங்கினார். அந்தக் கணக்கை நம்பி நம் மிளகாய்த்தூளை நாலு கரண்டி கொட்டினால் யாராலும் வாயில் வைக்க முடியாது.

அவர்கள் முழு மிளகாயாகப் பயன்படுத்தும் ஆஞ்சோ, குவாஹியோ இரண்டிலும் காரம் குறைவு, சதையும் நிறமும் அதிகம். நம்மிடம் அதற்குப் பக்கத்தில் வருவது பியாடகி. கர்நாடகத்து ஹாவேரி மாவட்டத்து மிளகாய், சுருக்கம் விழுந்த தோலோடு இருக்கும். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மிளகாய் மண்டிகளில் கேட்டால் கிடைக்கும். பியாடகி 15, குண்டு மிளகாய் 4 போதும். பியாடகியே ஆஞ்சோவைவிடக் காரம்தான், அதனால் காம்போடு விதையையும் உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பையும் எடுத்துவிடுங்கள். காரம் குடியிருப்பது அந்த நரம்பில்தான், விதை அதை ஒட்டி இருப்பதால் காரம் பூசிக்கொள்கிறது. வெறும் சட்டியில் பத்து நொடி வாட்டி, வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல் அரைத்து, வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். தோல் தங்கினால் நாக்கில் கசக்கும். ஆஞ்சோவில் உலர்திராட்சை போன்ற ஒரு தித்திப்பு உண்டு. அதை ஈடுகட்ட நாலு கறுப்பு உலர்திராட்சையை மிளகாயோடு ஊறவைத்து அரைத்துவிடுகிறேன்.

ஒரிகானோவுக்கு வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லி மூன்று இலை போதும். இரண்டின் வாசனைக்கும் அடியில் இருப்பது கார்வக்ரால் என்ற ஒரே பொருள். பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, தேங்காய் எதற்கும் கை போகக் கூடாது. போனால் அது நல்ல மட்டன் குழம்பாகும், சில்லி ஆகாது. ஒஹையோவின் சின்சினாட்டி நகரத்தில் மட்டும் பட்டை, கிராம்பு போட்டு, நூடுல்ஸ் போன்ற ஸ்பாகெட்டியின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். மாசிடோனியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் 1920களில் தொடங்கிய வழக்கம் அது.

கெட்டிப்படுத்த மஞ்சள் நிற மக்காச்சோள மாவையே சேர்க்க வேண்டும். கடையில் வெள்ளையாகக் கிடைக்கும் கார்ன்ஃபிளார் வேண்டாம். நம்மூரில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் மரவள்ளி மாவையும் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பசை மாதிரி இழுத்தது.

எதை வைத்து எடைபோடுவது

பாத்திரத்திடம் நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, ராஜ்மா முழுதாக வேக வேண்டும். இது ருசி விஷயம் மட்டுமல்ல. சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. வேகாத நாலைந்து விதை போனாலே சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைக்கும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது, முடிந்தால் அரைமணி நேரம், தளதளவென்று கொதிக்க வேண்டும். 80 டிகிரிக்குக் கீழே மெதுவாகச் சூடாக்கினால் நச்சு குறைவதற்குப் பதிலாகப் பல மடங்கு கூடவும் செய்யும்.

இரண்டாவது, கறியில் உள்ள சவ்வு உருகிக் குழம்பைத் தடிப்பாக்க வேண்டும். அதற்கு அடங்கிய கொதியும் நீண்ட நேரமும் தேவை.

மூன்றாவது, தக்காளிப் புளிப்போடு பாத்திரம் சண்டை போடக் கூடாது. நான்காவது, அரைத்த மிளகாயும் மக்காச்சோள மாவும் அடிப்பிடிக்கக் கூடாது.

ஐந்தாவது, எந்த ஊரில் சமைக்கிறோம் என்பது. இதை யாரும் யோசிப்பதில்லை. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் 1,500 மீட்டர். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும், எவ்வளவு தீயைக் கூட்டினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் ஏறாது. பயறு வேக ஆகும் நேரம் கூடிக்கொண்டே போகும்.

குக்கர்

பீன்ஸ் போட்ட சில்லிக்குக் குக்கரை மிஞ்ச எதுவும் இல்லை. வெயிட் ஏறிய குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியைத் தொடும். ஊறிய ராஜ்மா முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் 15 முதல் 20 நிமிடத்தில் விரலில் நசுங்கும். நச்சைப் பற்றிய பயமே இல்லை. ஏற்காட்டில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் குக்கருக்குள்ளும் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆறில் ஒரு பங்கு நேரம் கூட்டி வைத்தால் சரியாகிவிடும். விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு மாதிரி விசில் அடிக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக உள்ளே போட்டு மூடினால் தோல்விதான். குக்கருக்கு உள்ளே நீர் ஓடவேண்டும், சில்லியோ கெட்டியான பண்டம். மிளகாய் விழுது அடியில் படிந்து தீயும், ஒரு துளி தீய்ந்தாலும் அந்த வாடை மொத்தத்துக்கும் ஏறும். மக்காச்சோள மாவைப் போட்டு மூடுவது ஆபத்தும்கூட: கஞ்சி பொங்கி வெயிட் போகும் துளையை அடைத்துவிடும். ராஜ்மா வைக்கும்போது பாதிக் குக்கருக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. மூடிய பாத்திரத்தில் நீர் வற்றுவதில்லை. வற்றாமல் சில்லிக்கு அந்த ஆழம் வராது. கறி வெந்திருக்கும், மிளகாயும் சீரகமும் தனித்தனியாக நிற்கும். குக்கரில் சமைத்தாலும் கடைசி அரைமணி நேரம் மூடியைத் திறந்துவைத்து வற்றவிட்டே ஆகவேண்டும். பத்து நிமிட வேலை என்று நினைத்துத் தொடங்குகிறவர்கள் இந்த அரைமணி நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அலுமினியக் குக்கராக இருந்தால் தக்காளியைச் சேர்த்தபின் ராத்திரி முழுக்க அதிலேயே விட்டுவைக்காதீர்கள். உலோக வாடை ஏறும், பாத்திரமும் அரிக்கும்.

வேலைக்குப் போய்வந்து ராத்திரிக்குள் முடிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பீன்ஸ் கட்டாயம் வேண்டும் என்றால் குக்கர்தான்.

கல்சட்டி

எனக்குப் பிடித்தது இது, அதனால் இதன் குறைகளை முதலில் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஜனவரியில் மகள் குடும்பம் வந்திருந்தபோது ஏற்காட்டில் ஒரு வீடு எடுத்துத் தங்கினோம். மடியில் கல்சட்டியை வைத்துக்கொண்டுதான் மலை ஏறினேன். ஊறவைத்த ராஜ்மா, கறி, தக்காளி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். மூன்றரை மணி நேரம் கொதித்தது. கறி நார் நாராகப் பிரிந்தது, பீன்ஸ் மட்டும் பல்லில் கடுக்கென்றது. மாப்பிள்ளை, "அத்தை, பீன்ஸை ஒதுக்கிட்டுக் கறியை மட்டும் சாப்பிடறேங்க, கறி ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார். எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை.

இறங்கி வந்தபிறகு அதே மூட்டை ராஜ்மாவை அதே சட்டியில், தக்காளி இல்லாமல், சேலத்து வீட்டில் வைத்துப் பார்த்தேன். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வெந்தது. மலையில் இரண்டு தவறு சேர்ந்துவிட்டன. 95 டிகிரிக் கொதி ஒன்று. தக்காளியின் புளிப்பு மற்றொன்று: புளிப்பு பட்டால் பயற்றின் தோல் இறுகிவிடும். உப்புத் தண்ணீரும் இப்படித்தான் செய்யும், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து தோலைக் கெட்டிப்படுத்தும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் பயறு ஊறவைக்கவும் வேகவைக்கவும் காவிரித் தண்ணீரையே எடுங்கள். ஊறும் தண்ணீரில் சாப்பாட்டு உப்பு ஒரு கரண்டி போடுவது வேறு விஷயம், அது தோலை இளக்கும்.

மற்ற குறைகள்: புதுக் கல்சட்டியைப் பழக்க வேண்டும். கஞ்சித் தண்ணீர் ஊற்றி மாற்றி மாற்றி வைத்து, எண்ணெயும் மஞ்சளும் தடவி, பல நாள் காத்திருந்து, பிறகு சின்னத் தீயில் தொடங்க வேண்டும். அவசரப்பட்டுப் பெரிய தீயில் ஏற்றினால் விரிசல் விடும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் அப்படியே. எடை அதிகம், நிறைந்த சட்டியை ஒருவர் தனியாக இறக்குவது கஷ்டம். இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. கறியைச் சிவக்க வறுக்க இது உதவாது, அதற்கு வேறு ஒரு கடாய் வேண்டும். கல் வாசனையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வத்தக்குழம்புக்கும் கறிக்கும் தனித்தனிச் சட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அப்படியானால் இரண்டு சட்டிச் செலவு.

இத்தனைக்குப் பிறகும் சில்லிக்கு நான் இதைத் தேடிப் போவது ஏன்? மாக்கல் மெதுவாகச் சூடேறும், அதைவிட மெதுவாக ஆறும். அடி முழுவதும் ஒரே சீராகச் சூடு பரவுவதால் மிளகாய் விழுது அடிப்பிடிப்பது அபூர்வம். புளிப்பு இதை ஒன்றும் செய்யாது. அடுப்பை அணைத்தபிறகும் பல நிமிடம் உள்ளே கொதி அடங்காது, அந்த நேரத்தில்தான் கறியின் சவ்வு உருகி, எண்ணெய் செம்மையாக மேலே மிதந்து வரும். சேலம் வட்டாரத்து மாக்கலில் செதுக்கிய சட்டியை இந்த ஊர் ஆட்கள் புளிக்குழம்புக்கும் கீரைக்கும் மட்டுமே வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம். மணிக்கணக்கில் வேக வேண்டிய கறிக்கும் இந்தக் கல் அவ்வளவு பொருத்தம்.

பீன்ஸைக் குக்கரில் தனியாக வேகவைத்து, கறியைக் கல்சட்டியில் இரண்டரை மணி நேரம் சிறு தீயில் விட்டு, கடைசி அரைமணியில் இரண்டையும் சேர்த்து, தக்காளியையும் டிகாக்ஷனையும் அப்போதே ஊற்றுங்கள். விடுமுறை நாள், அவசரமில்லாத வீடு, முன்பே பழகிய சட்டி: இந்த மூன்றும் இருந்தால் இதைத்தான் சொல்வேன்.

வார்ப்பிரும்புச் சட்டி

மாடு ஓட்டிப்போகும் டெக்சாஸ் கூட்டத்தோடு சென்ற சமையல் வண்டிகளில் இருந்தது மூடி போட்ட வார்ப்பிரும்புச் சட்டிதான். கறியைச் சிவக்க வறுக்க இதற்கு இணை கிடையாது. கறித்துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, சட்டியில் நெருக்கடி இல்லாமல் போட்டு, ஒரு பக்கம் செங்கறுப்பாகும் வரை கிளறாமல் விட்டால் அந்த ருசியை வேறெதுவும் தராது. கறி ஈரமாக இருந்தால் வறுபடாது, தண்ணீர் விட்டு வெந்துவிடும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள்.

இதன் எதிரி தக்காளி. இரண்டு மணி நேரம் புளிப்போடு கொதித்தால் சட்டியின் எண்ணெய்ப் பூச்சு கரைந்து, குழம்பு கறுத்து, துருவின் சுவை ஏறிவிடும். டெக்சாஸ் மரபுப்படி தக்காளியும் பீன்ஸும் இல்லாமல் வைக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மிளகாய், கறி, சீரகம், பூண்டு மட்டும் போட்ட அந்தச் சிவப்புக் கிண்ணத்துக்கு வார்ப்பிரும்பே முதல் தேர்வு. வெந்ததும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பீங்கான் பூச்சுப் பூசிய வார்ப்பிரும்பு இரண்டு நன்மையையும் தரும். விலையோ ஒரு நல்ல குக்கரின் பல மடங்கு. சில்லிக்காக மட்டும் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏற்கனவே இருக்கும் தோசைக்கல்லிலோ இரும்புக் கடாயிலோ கறியை வறுத்துவிட்டு, ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுரண்டி அடுத்த பாத்திரத்துக்கு மாற்றினால் அதே ருசி வந்துவிடும்.

அடி கனமான எவர்சில்வர்

நம் ஊரின் உருக்காலை எவர்சில்வருக்குப் பெயர்பெற்றது, வீட்டுக்கு வீடு எவர்சில்வர் குண்டான் இருக்கும். தக்காளி ஒன்றும் செய்யாது, கழுவுவது எளிது, உடையாது. அடி மெல்லியதாக இருந்தால் மட்டும் தொடாதீர்கள், பத்து நிமிடத்தில் ஒட்டும். நடுவில் அலுமினியம் வைத்த மூவடுக்கு அடி என்றால் தைரியமாக ஏற்றலாம், அப்போதும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு கிளற வேண்டும். இருபது பேருக்குச் சமைக்கக் கல்சட்டி போதாது, குக்கரும் போதாது. கூட்டம் என்றால் இது மட்டுமே வழி.

ஸ்லோ குக்கர்

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும், குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரம் இது. முதலில் அடியில் ஒட்டியிருக்கும் எழுத்தைப் படியுங்கள். அங்கத்திய மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. மின்மாற்றி இல்லாமல் சொருகினால் கருகிவிடும், அந்தச் சுமையைத் தாங்கும் மின்மாற்றி வாங்கும் காசில் இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம். அதைவிட முக்கியம், ஊறவைத்த பச்சை ராஜ்மாவை இதில் நேரே போடவே கூடாது. மேலே சொன்ன நச்சுப் புரதம் அழியும் அளவுக்குச் சூடு ஏறாமலே பயறு மென்மையாகிவிடலாம். வெந்த பீன்ஸைப் போடலாம். மின்சாரம் அடிக்கடி போகிற மலை வீட்டில் இதை நம்பி எட்டு மணி நேரத்துக்குக் கறியை விட்டுவைக்க எனக்கு மனம் வராது.

ஒரே பார்வையில்

| | குக்கர் | கல்சட்டி | வார்ப்பிரும்பு | எவர்சில்வர் | ஸ்லோ குக்கர் |
|---|---|---|---|---|---|
| ராஜ்மா வேகுமா | மிக நன்றாக | சேலத்தில் வேகும், மலையில் கஷ்டம் | நேரமாகும் | நேரமாகும் | பச்சையாகப் போடவே கூடாது |
| கறியின் பதம் | வேகும், ஆழம் குறைவு | சிறப்பு | சிறப்பு | நன்று | நன்று |
| தக்காளி | அலுமினியமானால் விட்டுவைக்காதீர்கள் | கவலையில்லை | ஆகாது | கவலையில்லை | கவலையில்லை |
| அடிப்பிடித்தல் | அதிகம் | அபூர்வம் | குறைவு | அடியைப் பொறுத்தது | இல்லை |
| மொத்த நேரம் | ஒன்றரை மணி | மூன்று மணி | மூன்று மணி | மூன்று மணி | எட்டு மணி |
| மறைந்த செலவு | கடைசியில் வற்றவைக்கும் நேரம் | பழக்கும் நாட்கள், எரிவாயு, விரிசல் பயம் | பராமரிப்பு | பக்கத்திலேயே நிற்க வேண்டும் | மின்மாற்றி |

சைவ வீட்டுக்கு

கறி இல்லாமல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே சவ்வு உருகுகிற விஷயமே இல்லை, அதனால் மூன்று மணி நேரச் சமையலுக்கும் காரணமில்லை. குக்கரில் ராஜ்மாவும் காராமணியும் வேகவைத்து, முற்றாத பலாக்காய் சீசனில் கிடைத்தால் சிறு துண்டாக வெட்டி வதக்கிச் சேர்த்து, எவர்சில்வர் குண்டானில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் போதும். சேர்வராயன் மலைப் பலாவின் காய்க்கு நார் நாராகப் பிரியும் குணம் உண்டு, வேறு எந்தக் காயும் அந்தக் கறிப் பதத்தைத் தராது. எண்ணெயை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மிளகாயின் காரமும் நிறமும் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. எண்ணெய் குறைந்தால் காரம் திட்டுத் திட்டாக நாக்கில் அடிக்கும்.

எந்தப் பாத்திரமானாலும் மறுநாள்

சில்லி சமைத்த அன்றைவிட மறுநாள் நன்றாக இருக்கும். கல்சட்டிக்காரர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அது சூட்டை விடாமல் வைத்திருக்கும் என்பதால் அதிலேயே விட்டால் நடு இரவு வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும், கறி கெட்டுவிடும். அகலமான எவர்சில்வர் தட்டங்களில் ஊற்றி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லியைச் சூடான கல்சட்டியில் கொட்டாதீர்கள், சட்டியும் சில்லியும் ஒன்றாகவே சூடேறட்டும்.

பரிமாறும்போது அமெரிக்காவில் சோளச் சிப்ஸின் மேல் சில்லி ஊற்றித் தருவார்கள். நான் தட்டுவடையைக் கைக்கு அகலமாக உடைத்துக் கிண்ணத்தில் போட்டு, மேலே சூடான சில்லி இரண்டு கரண்டி, பொடியாக அரிந்த பச்சை வெங்காயம், ஏற்காட்டுப் பட்டர் ஃப்ரூட் நாலு துண்டு, எலுமிச்சை பாதி பிழிந்து கொடுத்தேன். பேத்தி தட்டுவடை நமத்துப்போவதற்குள் வேகவேகமாகச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை நீட்டி, "பாட்டி, இன்னும் கொஞ்சம் மொறுமொறுனு போடு" என்றாள்.